பல் படாத வேலி

“கசப்புன்னா ஆட்டுக்குத் தெரியாதா?”

பால்காரம்மாவின் ஆறு வயது மகள் நேற்றுக் காலையில் கேட்ட கேள்வி இது. செத்துக் கிடந்த மூன்று ஆடுகளைச் சுற்றி அப்போது தெருவே கூடியிருந்தது. கால்நடை டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, “அரளி இலை. வயித்துக்குள்ள நல்லாத் தெரியுது” என்று சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டு எல்லை நெடுக அரளி வேலி தளதளவென்று நின்றது. பெரியவர்கள் ஆளுக்கொரு தரம் அந்த வேலியைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதில் கிடைத்துவிட்டதாக எல்லோரும் நினைக்கிற இடத்தில் கேள்விக்கு என்ன மரியாதை? குழந்தையை யாரோ உள்ளே இழுத்துக்கொண்டு போனார்கள்.

துப்பு அண்ணிக்கு மட்டும் அந்தக் கேள்வி, செருப்புக்குள் புகுந்த கல்லைப் போல விடாமல் உறுத்தியது.

அண்ணி, பஸ் நிலையத்தில் தொலைந்த பொருள்களைப் பாதுகாக்கும் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடை, டிபன் பாக்ஸ், ஒரு தடவை பல்செட் என்று எது வந்தாலும், அதைத் தொலைத்தவர் யாரென்று பொருளைப் பார்த்தே கண்டுபிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். ஓய்வுக்குப் பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஊரார் வந்து வாசலில் நிற்க ஆரம்பித்தார்கள். துணைக்குக் கணவரின் தம்பி. பெற்றவர்கள் வைத்த பெயர் எல்லோருக்கும் மறந்துபோய், ‘ரேடியோ’ என்பதே நிலைத்துவிட்டது. நிறுத்தும் பொத்தான் இல்லாத ரேடியோ.

“அண்ணி, இது ஒரு கேஸா? செத்தது ஆடு. சாகடிச்சது அரளி. அரளிக்குச் சொந்தக்காரர் டெய்லர். மூணு வரியில முடிஞ்சுபோச்சு. எதுக்கு இந்த வெயில்ல அலையணும்?”

“ஸ்கூட்டரைக் கிளப்பு தம்பி.”

“அது கிளம்பினாத்தானே? அதுவும் என் கட்சி.”

ஏழெட்டு உதைக்குப் பிறகு ஸ்கூட்டர் மனமில்லாமல் இருமிக்கொண்டு கிளம்பியது.

பால்காரம்மா கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஆட்டுப்பால் விற்று மகளை வளர்ப்பவள். கணவன் போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது. அண்ணியைப் பார்த்ததும் எழுந்து நின்றாளே தவிர முகத்தில் தெளிவில்லை.

“வாங்கண்ணி. வந்து ஒண்ணும் ஆகப்போறதில்ல. சாயங்காலம் வியாபாரி வண்டி வருது. மிச்சம் இருக்கறதை எல்லாம் ஏத்தி விட்டுடப் போறேன்.”

“கறிக்கா?”

“வேற எதுக்கு? செத்தது மூணும் என்னோட நல்ல பால் ஆடு; குட்டிங்க வேற தாயில்லாமக் கத்துது. கொட்டகையில இத்தனை நிக்குது, தேர்ந்தெடுத்து அதுங்களையே கொன்னிருக்காங்க. நாளைக்கு மிச்சத்துக்கு வெப்பாங்க. ஒவ்வொண்ணா நுரை தள்ளி விழறதைப் பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா?”

“யாரு வெப்பாங்க?”

அவள் வேலிப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். “அந்த டெய்லர்.”

அந்த டெய்லர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். தெருவுக்கே தெரிந்த கதைதான். இவளுடைய ஆடு ஒன்று, அவர் தைத்துக் காயப்போட்டிருந்த ஒரு மாப்பிள்ளையின் கோட்டில் ஒரு கையை முழுசாகத் தின்றுவிட்டது. கல்யாணத்துக்கு முந்தின நாள். அவர் கத்தினார், இவள் பதிலுக்குக் கத்தினாள். மறுவாரம் இரண்டு வீட்டுக்கும் நடுவே அரளிக் கன்றுகள் வரிசையாக முளைத்தன. அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

“சாயங்காலம் வரைக்கும் டயம் குடும்மா. நடந்தது என்னன்னு தெரிஞ்சுட்டா மிச்ச ஆட்டைக் காப்பாத்திடலாம்.”

“தெரியலன்னா?”

அண்ணி கண்ணை ஒரு கணம் மூடி மேலே இருப்பவரிடம் பாரத்தை இறக்கி வைத்துவிட்டு, வேலியை நோக்கி நடந்தார்.

வேலிக்கு முன்னால் பால்காரம்மா கம்பிவலை கட்டியிருந்தாள். ஆட்டின் கழுத்து நுழையாது. அண்ணி வலைக்கு அப்பால் கையை விட்டு ஒவ்வொரு கிளையாகத் திருப்பினார். பல் பட்ட இலை ஒன்றுகூட இல்லை. ஆடு கடித்தால் இலை கந்தலாகப் பிய்ந்திருக்கும்.

“குழந்தை கேட்டது சரியான கேள்வி” என்றார். “ஆட்டுக்குக் கசப்பு நல்லாவே தெரியும். பச்சை அரளியில வாய் வெக்காது. இங்க வெக்கவும் இல்ல.”

ரேடியோ வலைத் தூணில் ஏறி நின்று எட்டிப் பார்த்தான்.

“அண்ணி, இந்த வேலிக்கு ரெண்டு முகம். நம்ம பக்கம் சவரம் பண்ணின மாப்பிள்ளை. டெய்லர் பக்கம் ஜடாமுடிச் சாமியார். ஜன்னலையே மூடி வளர்ந்து கெடக்கு.”

உண்மைதான். பால்காரம்மாவின் பக்கம் வேலி இஸ்திரி போட்டாற்போல் தட்டையாக இருந்தது. வெட்டின காம்புகள் இன்னும் காயவில்லை. அந்தப் பக்கம் கிளைகள் இஷ்டத்துக்குத் தாறுமாறாகப் போயிருந்தன.

“யாரும்மா இந்தப் பக்கத்தை வெட்டறது?”

“அவர்தான். நான் பால் ஊத்தப் போற நேரமாப் பாத்து வந்து வெட்டிட்டுப் போவாரு. என் வீட்டுப் பக்கம் அவரோட பூ ஒண்ணுகூட விழக்கூடாதாம். அவ்ளோ கொழுப்பு.”

அண்ணி போனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டார். இரண்டு தரம் கட்டானது. மூன்றாவது தரம் டாக்டரின் குரலும் பின்னால் ஒரு மாட்டின் குரலும் சேர்ந்தே வந்தன.

“டாக்டர், அந்த இலைத்துண்டு எப்படி இருந்துச்சு? கடிச்ச மாதிரியா?”

“கடிச்ச மாதிரி இல்லம்மா, அதான் எனக்கும் ஆச்சரியம். ரெண்டு முனையும் நேரா வெட்டின மாதிரி இருந்துச்சு. எல்லாம் ஒரே அளவு.”

“பச்சையா இருந்தா ஆடு தின்னாதே?”

“தனியா வெச்சாத் தின்னாது. வாடிக் காஞ்சா கசப்பு குறையும், விஷம் குறையாது. நறுக்கி நல்ல தீவனத்தோட கலந்துட்டா அதுங்களுக்குப் பிரிச்செடுக்கத் தெரியாது. ஒரு கைப்பிடி போதும்மா... ஏய், பிடிங்கப்பா அதை!” மாட்டுக் குரல் பெரிதாகி, போன் மறுபடி செத்தது.

போன் ஒலிபெருக்கியில் இருந்ததால் பால்காரம்மாவுக்கு எல்லாம் கேட்டுவிட்டது.

“நேரா வெட்டினதா? ஒரே அளவா?” அவள் குரல் உடைந்தது. “கத்திரிக்கோல் யார்கிட்ட இருக்கு அண்ணி? அளவு எடுத்து வெட்டறது யாரோட தொழில்?”

அண்ணிக்குத் தன் நாக்கைத் தானே கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஒரு மனுஷனைக் காப்பாற்றலாம் என்று தோண்டிய இடத்தில் அவனுக்கே குழி விழுகிறது.

“இப்ப ஒண்ணும் பேசாதீங்க அண்ணி” என்றான் ரேடியோ, ஸ்கூட்டரிடம் வந்ததும். “இன்னும் ஒரு துப்பு கண்டுபிடிச்சீங்கன்னா அவருக்குத் தூக்கே கிடைச்சிடும்.”

தையல் கடை அடுத்த திருப்பத்தில். ஸ்கூட்டர் கிளம்பாததால் நடந்தே போனார்கள். டெய்லர் பள்ளிச் சீருடை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர். கழுத்தில் அளவு நாடா. தலையை நிமிர்த்தவில்லை.

“ஒண்ணு தெரிஞ்சுக்கத்தான் வந்திருக்கேன்” என்றார் அண்ணி. “உங்க தங்கச்சியோட ஆடு...”

டெய்லரின் கால் மிதிபலகையை வேகமாக மிதித்தது. தடதடவென்று மெஷின் ஓடியது. அண்ணி காத்திருந்தார். மெஷின் நின்றது.

“வேலியை எதுக்கு ஒரு பக்கம் மட்டும்...”

தடதட.

“அண்ணி கேள்வி கேட்டா ஓடுது, நிறுத்தினா நிக்குது” என்றான் ரேடியோ. “கரண்டே வேணாம். தினம் நாலு கேள்வி கேட்டா ஊருக்கே சீருடை தெச்சிடலாம்.”

டெய்லர் சிரிக்கவில்லை. நூலைப் பல்லால் கடித்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்: “குழந்தை அந்த ஆட்டுப் பாலைக் குடிக்கலையே?”

“இல்ல. கறக்கறதுக்கு முன்னாடியே விழுந்துடுச்சு.”

அவர் பெருமூச்சு விட்டதை அண்ணி கவனித்தார். மறு நொடி மெஷின் மறுபடி தடதடத்தது. அதற்குமேல் ஒரு வார்த்தை பெயரவில்லை. அண்ணி நயமாகக் கேட்டுப் பார்த்தார், அதட்டிக் கேட்டுப் பார்த்தார். சுவரிடம் பேசினாலாவது எதிரொலி வந்திருக்கும்.

ரேடியோ இதற்குள் மூலையில் இருந்த கழிவுக் கூடைக்குள் கையை விட்டிருந்தான். உள்ளே இருந்த துணிகள் எல்லாம் நகத்தளவுத் துணுக்குகள்.

“இது என்னங்க, துணியைக் கொத்துமல்லி மாதிரி நறுக்கி வெச்சிருக்கீங்க?”

இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் வந்தது. தொழில் சம்பந்தப்பட்ட கேள்வி அல்லவா! “பெரிய துண்டா வெச்சா, ‘என் துணியில மிச்சம் பிடிச்சு உன் பேரனுக்குச் சட்டை தெச்சியா’ன்னு கேப்பாங்க. பொடியா வெட்டிட்டா யாருக்கும் உதவாது. பேச்சும் வராது.”

“எல்லாத்தையும் வெட்டுவீங்களா?”

“உதவாததை எல்லாம் வெட்டித்தான் போடுவேன். பழக்கம்.”

வெளியே வந்ததும் ரேடியோ இரண்டு கையையும் விரித்தான். “துணியையே இந்தப் பாடு படுத்தற மனுஷன் இலையை விடுவாரா? நான் சொன்ன மூணு வரிதான் அண்ணி.”

“வாயை மூடுடா!”

சொன்ன பிறகு அண்ணிக்கே திக்கென்றது. இத்தனை வருஷத்தில் கொழுந்தனை அவர் ‘டா’ போட்டதில்லை. ரேடியோ வாயை மூடிக்கொண்டான், அதுவும் இத்தனை வருஷத்தில் நடக்காதது. இருவரும் வெயிலில் நடந்தார்கள்.

பாதி வழியில் அண்ணி சொன்னார்: “கோவம் உன்மேல இல்ல தம்பி. பழி வாங்கறவன் குழந்தை பால் குடிச்சாளான்னு கேக்க மாட்டான். அது என் மனசுக்குத் தெரியுது. கைக்குக் கிடைக்கறதெல்லாம் வேற சொல்லுது.”

“மனசைச் சாட்சிக் கூண்டுல ஏத்த முடியாதே அண்ணி” என்றான் அவன், இந்த முறை கிண்டல் இல்லாமல்.

கொட்டகையில் பால்காரம்மா கயிறுகளை அவிழ்த்து ஒரு பக்கமாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள். வண்டி வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அண்ணி தண்ணீர் வாங்கிக் குடித்தார். கடைசியாக ஒன்று கேட்டார், கேட்க வேறு எதுவும் இல்லாததால்.

“நல்ல ஆடாப் பாத்துக் கொன்னாங்கன்னு சொன்னியே. தீனி போடறப்ப யாருக்கு முதல்ல போடுவே?”

“பால் ஆட்டுக்குத்தான். கறக்கறதுக்கு முன்னாடி முதல் கூடையை அதுங்க மூணுக்கும் வெச்சிடுவேன். அப்புறம்தான் மத்ததுக்கு.”

அண்ணியின் கையில் டம்ளர் அப்படியே நின்றது.

“தம்பி! நல்ல ஆடுன்னு பாத்து யாரும் கொல்லல. முதல்ல தின்னது செத்துச்சு. அவ்ளோதான்.” அவர் பால்காரம்மாவின் பக்கம் திரும்பினார். “அந்த முதல் கூடையை வெளியில வெச்சிட்டு எங்கயாவது போனியா?”

“இல்லண்ணி. நேத்துக் காலையில முதல் ஆளாப் போய், சோளத்தட்டையை மெஷின்ல குடுத்து, விழ விழக் கூடையில நானே பிடிச்சேன். நேராக் கொண்டுவந்து வெச்சேன். நடுவுல யாரு கையும் படல.”

“எந்த மெஷின்?”

“தீவனக்கடை பின்னாடி இருக்கே, தட்டை வெட்டற மெஷின். தெருவுல ஆடு மாடு வெச்சிருக்கற எல்லாரும் அதுலதானே வெட்டறோம்?”

அண்ணி ஸ்கூட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓட்டமும் நடையுமாகப் போனார். ரேடியோ பின்னால் மூச்சு வாங்கினான். “நேரா வெட்டினது, ஒரே அளவு... கத்திரிக்கோல் இல்ல! சக்கரம்!”

தீவனக்கடைக்காரர் பிண்ணாக்கு மூட்டையில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தார்.

“மெஷின்ல முந்தாநாள் சாயங்காலம் கடைசியா வெட்டினது யாருங்க?”

“யாரு கேக்கறது?”

“நான்தான்.”

“எதுக்குக் கேக்கறீங்க?”

“ஆடு செத்துப்போச்சு.”

“என் மெஷினா கொன்னுச்சு?”

“அப்படித்தான் நினைக்கறேன்.”

அவர் பாதிக் கண்ணைத் திறந்தார். “யாரு வந்தான்னு நான் உக்காந்து பாத்துக்கிட்டா இருக்கேன்? பொது மெஷினும்மா. வர்றாங்க, சுத்தறாங்க, போறாங்க.”

ரேடியோ அண்ணியின் காதில் சொன்னான்: “தையல் மெஷினாவது தடதடத்துச்சு. இது ஓடவே இல்ல.”

பின்கட்டுக் கொட்டகையில் மெஷின் நின்றது. ஆளுயரச் சக்கரம், அதில் இரண்டு கத்திகள், தட்டையை உள்ளே தள்ள நீண்ட வாய். கீழே தரை சுத்தமாகப் பெருக்கியிருந்தது. தட்டிலும் ஒன்றும் இல்லை. அண்ணி சக்கரத்தை நகராமல் பிடிக்கச் சொல்லி, கொண்டை ஊசியை எடுத்தார். மெஷினின் வாய்க்கு உள்ளே, பல் உருளைகள் இரண்டும் சேரும் இடுக்கில் ஊசியை விட்டு நெம்பினார். மக்காத, காய்ந்த இலைத் துணுக்குகள் உதிர்ந்தன. நீளமாய் நடு நரம்பு ஓடும் அரளி இலை. இன்னும் நெம்பினார். இலைகளோடு சிக்கிக்கொண்டு ஒரு நாடா வந்தது.

துணியின் ஓரத்திலிருந்து கிழித்த கரை நாடா. பள்ளிச் சீருடையின் நிறம். கட்டு கட்டப் பயன்படுத்திய முடிச்சு அவிழாமல் அதில் இருந்தது.

ரேடியோ அதையே பார்த்துக்கொண்டு நின்றான். ஜெயித்துவிட்ட சந்தோஷம் அவன் முகத்தில் துளியும் இல்லை.

“நான் இதைப் பாக்கலன்னு வெச்சுக்கலாமா அண்ணி?”

“நானும் அதைத்தான் யோசிச்சேன்” என்றார் அண்ணி. “முடியாது.”

கடைக்காரரை எழுப்பிக் கொட்டகையைப் பூட்டச் சொன்னார். மெஷினைக் கழற்றிக் கழுவுகிற வரைக்கும் யார் வந்தாலும் விடக்கூடாது என்றார். கடைக்காரர் முணுமுணுத்தார். அண்ணி உள்ளங்கையில் இருந்த துணுக்குகளை அவர் மூக்குக்கு நேரே நீட்டி, “உங்க பசு இன்னிக்கு எந்த மெஷின்ல வெட்டின தட்டையைத் தின்னுச்சு?” என்று கேட்டார். அவர் மூட்டையிலிருந்து எழுந்த வேகத்தில் பிண்ணாக்கு சரிந்தது. பூட்டு விழுந்தது.

தையல் கடையில் அண்ணி ஒன்றும் கேட்கவில்லை. நாடாவை மெஷின் பலகைமேல் வைத்தார்.

டெய்லர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “என் கரைதான். எங்கே கிடைச்சுது?”

“தட்டை வெட்டற மெஷின் வாயில. அரளி இலையோட சேர்ந்து.”

மிதிபலகையில் இருந்த கால் அசையவில்லை.

“நானே சொல்றேன், தப்பா இருந்தா நிறுத்துங்க” என்றார் அண்ணி. “வேலி உங்க பக்கம் ஜன்னலையே மூடிக்கிட்டுக் கெடக்கு. நீங்க தினமும் பாக்கற பக்கத்தைத் தொடல. பாக்காத பக்கத்தை மட்டும், அவ வீட்டுல இல்லாத நேரத்துல போய் வெட்டறீங்க. பூ விழக்கூடாதுன்னு இல்ல. ஒரு கிளைகூட ஆட்டுக்கு எட்டிடக்கூடாதுன்னு.”

டெய்லர் பேசியபோது குரல் தையல் நூலைப் போல மெலிந்திருந்தது.

“கோட்டைத் தின்ன அன்னிக்கு, கோவத்துல நர்சரிக்குப் போனேன். ஆடு தின்னாத செடி ஒண்ணு குடுங்கன்னேன். இதைக் குடுத்தாங்க. ஏன் தின்னாதுன்னு நான் கேக்கல. நல்லா வளர்ந்தப்புறம்தான் ஒரு கஸ்டமர் சொன்னாரு, மாடே செத்துடும்னு. அன்னிலேருந்து தூக்கம் இல்ல.”

“பிடுங்கி எறிஞ்சிருக்கலாமே?” என்றான் ரேடியோ.

“பிடுங்கினா நான் தோத்துட்டேன்னு ஆயிடாதா? தெருவே பாக்குது.” அவர் நாடாவை விரலில் சுற்றினார். “வெட்டினதைக் கீழ போட்டு வெச்சா காஞ்சு, காத்துல பறந்து அந்தப் பக்கம் போயிடும்னு பயம். அதான் கட்டாக் கட்டி, வாட வெச்சு, எடுத்துட்டுப் போய்ப் பொடியா வெட்டிப் புதைச்சிடுவேன். எப்பவும் கத்திரியில வெட்டுவேன். இந்தத் தடவை கை வலி. மெஷின் இருக்கேன்னு... ஆனா நான் பெருக்கினேன். ஒரு இலை விடாமக் கூட்டி எடுத்தேன்.”

“தரையைப் பெருக்கினீங்க. மெஷின் வாயைப் பாக்கல.”

“பொடியா வெட்டிட்டா யாருக்கும் உதவாதுன்னு...”

வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. அவர் முகம் மாறியதை ரேடியோவால் பார்க்க முடியவில்லை. வெளியே திரும்பிக்கொண்டான்.

“அப்போ நான்தானா?” என்றார் டெய்லர்.

அண்ணி ஆமென்று தலையசைத்தார்.

“போலீஸ்ல சொல்லுங்க. அவகிட்டயும் நான்தான்னு சொல்லிடுங்க. ஆனா ஏன் வெட்டினேன்னு மட்டும் சொல்லாதீங்க. கேட்டா, தப்பிக்கறதுக்குக் கதை கட்டறான்னு நினைப்பா.”

“தொலைஞ்சு போன குடையைத் துணி தனியா, கம்பி தனியா நான் யாருக்கும் திருப்பிக் குடுத்ததில்ல” என்றார் அண்ணி. “முழுசாத்தான் குடுப்பேன்.”

அவர்கள் திரும்பியபோது வியாபாரியின் வண்டி வந்து நின்றிருந்தது. பின்கதவு திறந்திருந்தது. முதல் ஆடு பலகையில் முன்காலை வைத்துவிட்டது.

“நிறுத்தும்மா!” அண்ணி மூச்சிரைக்கச் சொன்னார். “இனிமே எந்த ஆடும் சாகாது. விஷம் எங்க இருந்துச்சுன்னு தெரிஞ்சு போச்சு. பூட்டியாச்சு.”

அவர் எல்லாவற்றையும் சொன்னார். மெஷின், நாடா, வேலியின் தட்டையான பக்கம், நர்சரியில் கேட்காமல் விட்ட கேள்வி. எதையும் மறைக்கவில்லை, எதையும் இனிப்பாக்கவும் இல்லை. பால்காரம்மா கயிற்றைப் பிடித்தபடி கேட்டாள்.

“அப்போ கொன்னது அவர்தான்.”

“ஆமா.”

“இத்தனை நாளாச் சாகாமப் பாத்துக்கிட்டதும் அவர்தான்.”

“ஆமாம்மா.”

“இதுல நான் எதுக்குக் கோவப்படறது அண்ணி? எதுக்கு அழறது?” அவள் கயிற்றை மண்ணில் ஓங்கி அடித்தாள். “வேணும்னு பண்ணியிருந்தாக்கூட நிம்மதியாத் திட்டிட்டுப் போயிருப்பேன். ஒரு வார்த்தை, ‘அந்த மெஷின்ல அரளி வெட்டினேன், கழுவிக்கோ’ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா... பேசறதில்லையே நாங்க! பேசறதில்லையே!”

கோபத்தில் மூடின வாய்க்குப் பின்னால் எத்தனை எச்சரிக்கைகள் சிக்கிக்கொள்கின்றன என்பதை, அது மூடியிருக்கும்போது நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

வியாபாரி கடிகாரத்தைப் பார்த்தார். “ஏத்தவா, வேண்டாமாம்மா?”

“வேணாம். வண்டியைத் திருப்புங்க.”

“சரி, தாய் செத்த அந்தக் குட்டிங்களையாவது குடுங்க. புட்டியில பால் குடுத்துத் தேத்தறது லேசுப்பட்ட காரியம் இல்ல. நீங்க பால் ஊத்தப் போயிட்டா அதுங்க பட்டினிதான்.”

கொட்டகையின் கோடியில் குட்டிகள் கத்திக்கொண்டிருந்தன. பால்காரம்மா அந்தப் பக்கம் பார்த்தாள். “பாத்துக்கறேன்” என்றாள்.

வண்டி போயிற்று. அவள் அண்ணன் வீட்டுப் பக்கம் போகவில்லை. கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“இவ்ளோதானா?” என்றான் ரேடியோ, ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே. “அண்ணன் தங்கச்சி கட்டிப் பிடிச்சு அழுவாங்கன்னு கைக்குட்டையெல்லாம் எடுத்து வெச்சேன். கேஸ் ஜெயிச்ச மாதிரியே இல்ல அண்ணி.”

“எனக்கும் இல்ல தம்பி.” அண்ணி களைத்திருந்தார். “நம்ம வேலை, பொருளை வாசல்ல கொண்டுபோய் வெக்கறதுதான். எடுத்துக்கறது அவங்க வேலை. மிச்சத்தை அவர் பாத்துப்பார்” என்று மேலே காட்டினார்.

“அவர்கிட்ட ஸ்கூட்டரையும் கொஞ்சம் பாக்கச் சொல்லுங்க.”

இதற்குப் பிறகு நடந்ததில் ஒரு பாதி அண்ணிக்கும் தெரியாது, ரேடியோவுக்கும் தெரியாது.

மறுநாள் அரளி வேலி வேரோடு போயிருந்தது. எரிக்காமல், நறுக்காமல், முழுசாகத் தார்ப்பாயில் சுருட்டி ஆடு மாடு நெருங்காத குப்பைக்கிடங்குக்கு அனுப்பியிருந்தார் டெய்லர். தெரு அதைப் பார்த்தது, இரண்டு நாள் பேசியது, மறந்தது. தெரு பார்க்காதது ஒன்று உண்டு. பால்காரம்மா கேனோடு சுற்றுக்குக் கிளம்பி, மகளும் பள்ளிக்குப் போன பிறகு, தையல் மெஷின் சத்தம் கொஞ்ச நேரம் நின்றுபோகும்.

முதல் நாள் அவள் திரும்பி வந்தபோது குட்டிகள் கத்தவில்லை. வைக்கோலில் சுருண்டு, வயிறு பறைபோல் விம்மித் தூங்கின. திரும்பி வந்து கொடுக்கலாம் என்று அவள் நிரப்பி வைத்திருந்த பால் புட்டிகள் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன. அவள் அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். மறுநாள் புட்டிகளை உயரமான பலகையிலிருந்து இறக்கி, உள்ளே நுழைகிறவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போனாள். பால் ஆறாமல் இருக்க ஒரு துணியையும் சுற்றினாள்.

அவர்கள் இன்னும் பேசிக்கொள்ளவில்லை. குட்டிகள் மட்டும் வளர்ந்தன.

தினமும் சுற்று முடிந்து வரும்போது பால்காரம்மா தெருமுனையில் நிற்பாள். காலிக் கேனின் மூடியைக் கழற்றி, இறுகிவிட்டதைப் போலச் சுவரில் நாலு தட்டுத் தட்டுவாள். உள்ளே இருப்பவர் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, வந்த வழியே போய்ச் சேருவதற்கு வேண்டிய அவகாசம் கொடுத்துவிட்டு, மெதுவாக நடந்து வருவாள்.